சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



'நீண்ட விடுப்பு' என்று நான் தலைப்புக் கொடுத்ததும் அழைப்பிதழ் அச்சடிக்கப் போன தம்பி போனில் ஒரு சந்தேகம் கேட்டார்: "மெடிக்கல் லீவு பத்தியாங்கய்யா?" அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் ஒருவர் மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை என்றால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் குரலைத் தாழ்த்தி, சஸ்பென்ஷனா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். நன்றாக இருக்கிற மனிதர், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வேலையை, முன்கூட்டியே தேதி குறித்து நிறுத்திவைத்து, ஆறு மாதமோ ஒரு வருஷமோ வேறு காரியம் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காரலாம் என்பது நம் எண்ணத்திலேயே வருவதில்லை. அதுவும் ஒரு தடவை அல்ல. ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை, வேலைக்காலம் முழுவதும். அந்த விடுப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம்மிடம் விடுப்பு இல்லாமல் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு வருஷத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு. எடுக்காமல் விட்டதை 300 நாள் வரை சேர்த்துவைத்து, ஓய்வுபெறும்போது காசாக்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு அந்த உச்சவரம்பு 240 நாள். அதுபோக வருஷத்துக்கு 15 நாளை அரசிடமே திருப்பிக் கொடுத்துச் சம்பளமாக வாங்கிக்கொள்ளும் வசதிதான் எல்லோருக்கும் தெரிந்த 'சரண்டர்'. 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி அரசு அதை நிறுத்திவைத்தது. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து மறுபடி கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் சங்கங்கள் வைத்த கோரிக்கைகளில் சரண்டர் தவறாமல் இடம்பெற்றது. 'எங்களுக்குச் சேர்ந்திருக்கிற விடுப்பை எடுக்க விடுங்கள்' என்று யாரும் கொடி பிடித்து நான் பார்க்கவில்லை. தனியார் துறையிலும் இதே மனப்போக்குதான். ஓய்வின்போது விடுப்பை விற்று வரும் பணத்துக்கு 3 லட்சம் வரை இருந்த வரிவிலக்கை 2023 பட்ஜெட் 25 லட்சமாக உயர்த்தியது. விடுப்பைச் சேர்த்து விற்கிறவருக்குச் சலுகை. எடுத்து அனுபவிக்கிறவருக்கு மேலாளரின் முகச்சுளிப்பு.

240 நாள் என்பது எட்டு மாதம். எட்டு மாத வாழ்க்கையை ஒருவர் கடைசி மாதச் சம்பளக் கணக்கில் விற்றுவிட்டு, மாலையும் பொன்னாடையுமாக வீட்டுக்கு வருகிறார். இதைச் சொல்லிச் சிரிப்பது என் நோக்கம் இல்லை. ஜூன் மாதத்துப் பள்ளிக் கட்டணத்தைச் சரண்டர் பணம்தான் கட்டியது என்று சொல்லக்கூடிய வீடுகள் இந்த அரங்கத்திலேயே நிறைய இருக்கும். பெண்ணின் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் அதிலிருந்து போயிருக்கும். கையில் காசில்லாதவர் தன்னிடம் இருப்பதை விற்கிறார். நம் நடுத்தர வர்க்கத்திடம் விற்க இருந்தது நாட்கள்தான். ஆனால் விற்றுப் பழகிய பொருளை நாம் பயன்படுத்தும் பொருளாகவே பார்க்காமல் போய்விட்டோம் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இருபத்துச் சொச்சம் வயது வரை படிப்பு, அங்கிருந்து அறுபது வரை வேலை, அதன்பின் ஓய்வு. வாழ்க்கையை இப்படி மூன்று பாளமாக வெட்டி வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58ஆக இருந்தது 2020இல் 59 ஆயிற்று, 2021இல் 60 ஆயிற்று. நடுப்பாளம் நீண்டுகொண்டே போகிறது. நியூயார்க்கில் ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் என்று ஒரு வடிவமைப்பாளர், ஆஸ்திரியாவில் பிறந்தவர். கடைசிப் பாளத்திலிருந்து ஐந்து வருஷத்தை வெட்டி எடுத்து நடுப்பாளத்தில் ஆங்காங்கே செருகினால் என்ன என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், ஏழு வருஷத்துக்கு ஒருமுறை தன் ஸ்டூடியோவை ஒரு வருஷம் முழுக்க மூடிவிடுகிறார். முதலில் மூடியது 2000இல். அடுத்தது 2008இல், அந்த வருஷத்தைப் பாலித் தீவில் கழித்தார்.

அவர் கதையில் எனக்குப் பிடித்த இடம் முதல் விடுப்பின் ஆரம்பம். திட்டம் எதுவும் போடாமல், சும்மா இருந்தால் எண்ணங்கள் தாமாக ஊறும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் ஊறவில்லை. பத்திரிகைகளுக்கு மாதிரிகள் அனுப்புவது போன்ற சில்லறை வேலைகள் வந்து நாளைத் தின்றன. தன் ஆபீசுக்கே தான் எடுபிடி ஆகிவிட்டோம் என்று தெரிந்ததும், பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை மாதிரி ஒன்று போட்டார். இன்ன விஷயத்துக்கு இன்ன கிழமை, இத்தனை மணி நேரம் என்று பிரித்த பிறகுதான் விடுப்பு உருப்பட்டது. விடுப்பு எடுத்து வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். முதல் வாரம் பரண் ஒழிப்பது, இரண்டாம் வாரம் ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது, மூன்றாம் வாரம் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சமையல்காரர் பேசுவது. சும்மா இருக்கிற மனிதன் சொந்தக்காரர்களின் சொத்து.

ஆனால் சாக்மைஸ்டர் கதையைப் படித்துவிட்டு நாமும் கிளம்பிவிட முடியாது. அவருடையது சொந்தக் கடை, பூட்டிவிட்டுப் போனார். பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் பஞ்சாயத்தைப் பூட்ட முடியுமா? நீண்ட விடுப்பு என்றதும் எல்லோரும் பணத்தைப் பற்றியும் துணிச்சலைப் பற்றியும் பேசுகிறார்கள். இரண்டும் வேண்டும்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் வேண்டியது, நம் பொறுப்பை வாங்கிக்கொள்ள ஓர் ஆளும், ஒப்படைக்க ஒரு முறையும். ஒப்படைக்கத் தெரிந்த தொழிலில் விடுப்பு தானாகக் கிடைக்கிறது. ஒப்படைக்கத் தெரியாத இடத்தில் சட்டப் புத்தகத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் சரண்டர்தான் கதி.

ஏழாவது வருஷம் என்ற கணக்கு யூதர்களின் வேதத்திலிருந்து வந்தது. ஆறு வருஷம் விதைத்த நிலத்தை ஏழாவது வருஷம் விதைக்காமல் விடவேண்டும், கடன்களையும் தள்ளுபடி செய்யவேண்டும் என்பது அங்கே விதி. இஸ்ரேலில் 2021-22இல்கூட அந்த வருஷம் வந்துபோனது. 1880இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அந்த ஏழு வருஷக் கணக்கைத் தன் பேராசிரியர்களின் விடுப்புக்கு எடுத்துக்கொண்டது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையிலும் அது இருக்கிறது: இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழு வருஷம் பணியாற்றியவர் ஆய்வுக்காக ஒரு தடவைக்கு ஒரு வருஷம் வரை, பணிக்காலம் முழுவதற்கும் இரண்டு வருஷம் வரை விடுப்பு பெறலாம். பேராசிரியர்கள் யாராவது வந்திருந்தால், எத்தனை பேர் அதை எடுத்தீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நான் உங்களை அதிக நேரம் நிறுத்திவைக்க விரும்பும் இடம் ஹார்வர்ட் இல்லை, காரைக்குடிப் பக்கம். நகரத்தார் என்ற செட்டியார்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று தொழில் செய்ய, அவர்கள் சொல்லில் 'கொண்டுவிக்க'ப் போன காலத்தில், நாம் இன்று புதுமை என்று பேசுகிற ஏற்பாடு அவர்களிடம் அன்றாட நடைமுறையாக இருந்தது. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடல் கடந்து கடையை நடத்துகிறவர் சம்பளத்துக்கு அமர்ந்த ஏஜெண்டு, அதாவது மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே, கணக்கு எழுதப் பழகும் வயதில் பெட்டியடிப் பையன். போவதற்கு முன் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். தவணை மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டில் கொடுக்கப்பட்டுவிடும். மூன்று வருஷம் முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார். கொஞ்ச காலம் இருப்பார். மறுபடி அதே கடைக்கோ வேறு கடைக்கோ புதுச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறுவார்.

அந்தத் திரும்பல் எப்படி நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று வருஷம் முடிந்தது என்பதற்காக அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட முடியாது. அவர் இடத்துக்கு அடுத்த ஏஜெண்டு வந்து இறங்கவேண்டும். ரங்கூன் முகல் தெருவிலோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலோ உள்ள கிட்டங்கி என்ற கடைக் கட்டடத்தில், சரிவுப் பலகை வைத்த பெட்டிக்கு முன்னால் இருவரும் தரையில் உட்காரவேண்டும். பேரேட்டை விரித்து, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது, எந்த நிலத்தின் பத்திரம் எந்தக் கட்டில் இருக்கிறது, எது வரும், எது வராது என்று வரி வரியாகப் பார்க்கவேண்டும். ஐந்தொகை சரியாக வரவேண்டும். கடன்காரர்களைப் புதியவருக்கு நேரில் காட்டி அறிமுகம் செய்யவேண்டும். ஏட்டில் எழுத முடியாத தகவல் என்று ஒன்று உண்டல்லவா, 'இவர் தாமதிப்பார், ஆனால் ஏமாற்றமாட்டார்' என்பது போல? அதையும் கைமாற்றிவிட வேண்டும். அதன் பிறகுதான் கப்பல்.

ஊருக்கு வந்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். முதலாளியிடம் கணக்கு ஒப்புவிப்பது, லாபத்தில் தன் பங்கைப் பெறுவது, வீடு கட்டுவது, தங்கைக்கு வரன் பார்ப்பது, கோவில் காரியம். பர்மாத் தேக்கு வந்து நின்ற அந்தப் பெரிய வீடுகள் பலவற்றின் கட்டுமானத்தை இப்படி ஊர் திரும்பிய மாதங்களில்தான் ஆண்கள் நேரில் நின்று பார்த்திருப்பார்கள். பிள்ளைகளின் வயது வரிசையை வைத்தே அப்பச்சி, அதாவது அப்பா, எந்தெந்த வருஷம் ஊரில் இருந்தார் என்று கணக்குப் போட்டுவிடலாம் போலிருக்கும். நான் இதை இன்ப மயமான ஏற்பாடு என்று சொல்லவில்லை. மூன்று வருஷம் கணவனின் கடிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பார்கள். அந்த வட்டிக் கடைகள் பர்மிய விவசாயியின் நிலத்தை என்ன செய்தன என்பது இன்னொரு கதை. அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும். நான் பார்ப்பது ஒன்றைத்தான். வருஷக் கணக்காக ஊரை விட்டுப் போகும் வேலையை எடுத்துக்கொள்ளும் அன்றைக்கே, அது எப்போது நிற்கும் என்பதும் சீட்டில் எழுதப்பட்டிருந்தது. களைத்துப்போய்க் கெஞ்சி வாங்கும் விடுப்பு இல்லை அது. வேலைக்கு ஏற்கும் நிபந்தனையிலேயே விடுப்பும் அடங்கியிருந்தது. ஒருவர் திரும்பி வரும்போது அடுத்தவர் போய் எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பதால், முதலாளிக்குத் தணிக்கையும் தானாக நடந்துவிட்டது. அந்த மனிதர்களின் சாமர்த்தியம் எனக்கு வட்டி விஷயத்தைவிட இந்த விஷயத்தில்தான் பெரிதாகத் தெரிகிறது.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தத் தணிக்கை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்றைய வங்கிக்கு வருகிறேன். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. இரண்டு அதிகாரிகளிடம் தனித்தனியாக இருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. அதில் ஒருவர் ஒரு நாள் லீவு போட்டால்கூட, சாவியை இன்னொருவரிடம் கொடுத்து, சாவிப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதவேண்டும். பணம் எண்ணிப் பார்க்கப்படும். சாவி விஷயத்தில் வங்கிக்கு ஒப்படைப்பு அத்துப்படி. ஆனால் அதே அதிகாரியின் மேஜையில் இருக்கிற கடன் விண்ணப்பங்கள், அவர் தலைக்குள் மட்டும் இருக்கிற வாடிக்கையாளர் விவரங்கள், கம்ப்யூட்டரில் அவர் மட்டும் அறிந்த கோப்புகள், இவற்றுக்குப் பதிவேடு இல்லை. அதனால்தான் லீவில் திருப்பதி வரிசையில் நிற்கிறவருக்குப் போன் வருகிறது: "சார், அந்த ஃபைல் எங்கே வச்சீங்க?"

இந்தப் பலவீனத்தை ரிசர்வ் வங்கி கவனித்திருக்கிறது, வேறொரு கோணத்திலிருந்து. 2021 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வங்கியில் நுட்பமான பொறுப்புகளில் இருப்பவர்களை ஒவ்வொரு வருஷமும் ஒரே தொடர்ச்சியாகப் பத்து வேலை நாளுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் அனுப்பவேண்டும்; முன்கூட்டித் தகவல் சொல்லக் கூடாது; அந்த நாட்களில் அவர்கள் பொதுவான அலுவலக மின்னஞ்சலைப் பார்க்கலாமே தவிர, வேலை சார்ந்த எதையும் தொடக் கூடாது. இது ஊழியர் நலனுக்காகப் போட்ட உத்தரவு இல்லை, மோசடியைப் பிடிக்க. பிரான்ஸில் சொசியேட்டே ஜெனரால் வங்கியில் ஜெரோம் கெர்வியேல் என்ற வணிகர் செய்த ஒளிவுமறைவு 2008 ஜனவரியில் வெளியே வந்தபோது வங்கிக்கு நஷ்டம் 490 கோடி யூரோ. அவர் விடுப்பு எடுப்பதைத் தவிர்த்தே வந்தவர். நாற்காலியை விட்டு எழுந்தால் அடுத்தவர் உட்கார்ந்து பார்த்துவிடுவாரே.

திருடன்தான் லீவு எடுக்கமாட்டான் என்று நான் சொல்வதாக யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். லீவு எடுக்காத நேர்மையானவர்களே அதிகம். அவர்கள் எடுக்காததற்கு ஒரு பெருமை காரணம்: 'நான் இல்லாவிட்டால் இந்த ஆபீஸ் ஓடாது.' பணி ஓய்வு விழாக்களில் இதைப் பாராட்டாகவே சொல்கிறோம். 'முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இவர் நீண்ட விடுப்பு எடுத்ததில்லை' என்று மைக்கில் சொன்னதும் கைதட்டுகிறோம். எனக்கு அந்த நேரத்தில் அந்த அலுவலகத்தை நினைத்துத்தான் கவலை வரும். ஒரே மனிதர் மூன்று மாதம் இல்லை என்றால் நின்றுபோகிற அலுவலகம், அவருக்கு நெஞ்சு வலி வந்த அன்றைக்கும் நிற்கத்தானே செய்யும்?

நீண்ட விடுப்பைச் சட்டமாகவே வைத்திருக்கும் நாடு ஆஸ்திரேலியா. அது வந்த வழி வேடிக்கையானது. 1860களில் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் இருந்த ஆங்கிலேய அரசு ஊழியர்களுக்கு 'ஊருக்கு'ப் போய்வர ஆசை. ஊர் என்றால் இங்கிலாந்து. கப்பலில் போகவே மாதக்கணக்கு, வரவும் மாதக்கணக்கு. ஆகையால் பல வருஷப் பணிக்குப் பிறகு ஒரு நீண்ட விடுப்பு கொடுத்தார்கள். கப்பல் போய் விமானம் வந்தது. யாரும் மாதக்கணக்கில் பயணம் செய்யவேண்டிய தேவை போயிற்று. விடுப்பு மட்டும் போகவில்லை. தொழிற்சங்கங்கள் அதைப் பிடித்துக்கொண்டு, அதிகாரிகளுக்குக் கிடைத்தது ஆலைத் தொழிலாளிக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கின. நியூ சவுத் வேல்ஸில் 1955இன் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் பத்து வருஷம் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு இரண்டு மாதம். விக்டோரியாவின் 2018 சட்டத்தில் ஏழு வருஷத்திலேயே எடுக்கத் தொடங்கலாம். இரண்டு மாநிலங்களிலும் ஒரு விதி பொது: வேலையில் இருக்கும்போது இந்த விடுப்பைக் காசாக்க முடியாது. வேலையை விட்டுப் போகும்போதுதான் பணமாகக் கிடைக்கும். நம் சரண்டருக்கு நேர் எதிர்த் திசை. சிட்னி, மெல்போர்ன் தமிழர் வீடுகளில் யாராவது இரண்டு மாதம் ஊருக்கு வந்து தங்கினால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சட்டம் இருக்கும்.

பெல்ஜியம் 1985இல் வேறொரு வழியைச் சோதித்தது. வேலையை இடைநிறுத்திப் போகிறவருக்கு அரசே மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தது. நிபந்தனை என்னவென்றால், அவர் இடத்தில் முதலாளி வேலையில்லாத ஒருவரை அமர்த்தவேண்டும். போகிறவருக்கு விடுப்பு, வருகிறவருக்கு வேலை. நம் கிட்டங்கி நாகரிகத்துக்குக் கொஞ்சம் உறவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேலை நின்றுபோவதெல்லாம் விடுப்பு ஆகிவிடாது. நம் கிழக்குக் கடற்கரையில் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். முன்பே தேதி தெரிந்த, சட்டம் போட்ட, விசைப்படகுத் தொழில் முழுவதும் எடுக்கிற இரண்டு மாத நிறுத்தம். படகு உரிமையாளருக்கு அது வேலைக்காலம்: படகைக் கரையேற்றி, பலகை இடுக்கு அடைத்து, பெயிண்ட் அடித்து, எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பூட்டுவார். ஆனால் அதே படகில் கூலிக்குப் போகிறவருக்கு 61 நாளும் வருமானம் இல்லை. அரசு கொடுக்கும் நிவாரணத்தில் குடும்பம் நடக்காது. கேரளாப் பக்கம் போகிறார், கட்டட வேலைக்குப் போகிறார். ஓய்வு மீனுக்கு, அவருக்கு இல்லை. சம்பளத்துக்கு ஏற்பாடு செய்யாமல் விடுப்பைப் பற்றிப் பேசினால், அது வேலையில்லாமையைப் புகழ்வதில்தான் போய் முடியும்.

அப்படியானால் முதலாளியை மாற்றிக்கொண்டே இருக்கும் கட்டடத் தொழிலாளிக்கு நீண்ட விடுப்பே கிடையாதா? ஆஸ்திரேலியர்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். அங்கே கட்டுமானத் துறைக்கென்று தனி நிதி. முதலாளி யாராக இருந்தாலும் தொழிலாளி பெயரில் பணமோ கணக்கோ அங்கே சேரும். நபர் பத்து காண்ட்ராக்டரிடம் மாறி மாறி வேலை செய்திருந்தாலும், துறையில் சேர்ந்த வருஷங்கள் மொத்தமாக எண்ணப்பட்டு விடுப்புச் சம்பளம் அந்த நிதியிலிருந்து வரும். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலிருந்து இருக்கிறது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் வரியாக வாரியத்துக்கு வருகிறது. பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, இயற்கை மரணம் எல்லாவற்றுக்கும் உதவித்தொகை வகுத்திருக்கிறார்கள். பத்து வருஷம் பதிவைப் புதுப்பித்த கொத்தனாருக்கு ஒரு மாதம் சம்பளத்தோடு முதுகை நிமிர்த்த ஒரு வழி அந்தப் பட்டியலில் ஏன் இருக்கக் கூடாது? தொழிற்சங்க நண்பர்கள் வந்திருக்கிறார்கள். அடுத்த கோரிக்கை மனுவில் ஒரு வரி சேர்க்கலாம்.

ஒப்படைக்க ஆளே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. அரங்கத்தின் இடதுபக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மத்திய அரசில் வேலை பார்க்கும் தாய்மார்களுக்கு, பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365க்கு 80 சதவீதம். உலகத்தில் பல நாடுகளில் இல்லாத சலுகை. எப்போது எடுக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பிள்ளையின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. ஆபீஸ் வேலையிலிருந்து விடுப்பு வாங்கி, அதிகாலையில் காபி போட்டுக் கொடுத்து, கெமிஸ்ட்ரி ஒப்பிக்கச் சொல்லி, டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிற இன்னொரு வேலையில் சேர்கிறார்கள். விடுப்புச் சட்டம் எழுதியவர்கள் அலுவலக நாற்காலியை மட்டும்தான் பார்த்தார்கள். சமையலறைக்குச் சாவிப் பதிவேடு கிடையாது. கணவர் விடுப்பு எடுத்தால் அவர் ஓய்வெடுக்கிறார், மனைவிக்கு ஒரு வேளைச் சமையல் கூடுகிறது. ஆகவே ஒரு வீட்டில் நீண்ட விடுப்பு திட்டமிடப்படுகிறது என்றால், முதலில் கைமாற வேண்டியது அடுப்படி. பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதில் தொடங்கி, கேஸ் புக்கிங் நம்பர், பால்காரர் கணக்கு, மாமியாரின் இரவு மாத்திரை வரை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் ஒரு மாதம் தன் அக்கா வீட்டிலோ ராமேஸ்வரத்திலோ இருந்துவிட்டு வரட்டும். கேட்டதும் சிரிப்பு வருகிறது இல்லையா? சிரித்தவர்களில் ஆண்கள்தான் அதிகம்.

தனியார் நிறுவனத்தில் இருக்கும் இளைஞர்களுக்குக் காரியமாகச் சில வார்த்தை. உங்களுக்கு 300 நாள் சேராது. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்றும், அடுத்த வருஷத்துக்கு எடுத்துச்செல்ல 30 நாள்தான் வரம்பு என்றும் வகுத்தது. அந்த அளவுகோலில் நீண்ட விடுப்பைச் சேமிக்க வழியில்லை, பேசித்தான் வாங்கவேண்டும். பேசும்போது கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். சம்பளமில்லா விடுப்பானாலும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பணிக்கொடை விதிகளில் முறையாக அனுமதி பெற்ற விடுப்பு தொடர்பணியை முறிக்காது. சொல்லாமல் போவது முறிக்கலாம். கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் அந்த மாதங்களில் செல்லுமா என்று கேளுங்கள். செல்லாது என்றால் தனி பாலிசியை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் புதிய பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. வீட்டுக் கடன் தவணையை அத்தனை மாதத்துக்கும் முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் போட்டுவைத்துத் தொடாமல் இருங்கள். இதையெல்லாம் செய்ய இரண்டு மூன்று வருஷம் ஆகும். ஆகட்டும். செட்டியார் வீட்டு ஏஜெண்டும் கப்பலுக்கு மூன்று வருஷம் காத்திருந்தார்.

திரும்பி வரும்போது என்ன ஆகும் என்ற பயம் இருக்கிறது பாருங்கள், அது நியாயமான பயம். நேர்முகத் தேர்வில் 'ஏன் இந்த இடைவெளி?' என்று கேட்பார்கள். விடுப்பில் போனவரின் நாற்காலியைத் தற்காலிகமாக வாங்கியவர் நன்றாகவே செய்திருப்பார். பதவி உயர்வும் அவருக்குப் போயிருக்கலாம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஒன்று செய்யலாம்: நீங்கள் போவதற்கு முன், வேறு ஒருவர் போக நீங்கள் இடம் கொடுத்திருக்கவேண்டும். பக்கத்து மேஜைக்காரர் மூன்று மாதம் போகிறேன் என்று வந்தால், 'என் தலையில் ஏன் கட்டுகிறாய்' என்று முணுமுணுக்காமல் அவர் பேரேட்டை வாங்கிக்கொண்டவருக்கு, தன் முறை வரும்போது கேட்கும் உரிமை இருக்கும். இரண்டு பேர் இப்படி மாறிமாறிப் போய்வந்த பிரிவில் மூன்றாமவருக்கு மேலாளர் மறுக்கத் தயங்குவார். முதலில் போகிறவருக்குத்தான் கஷ்டம் அதிகம். அவர் மேலாளராகவே இருந்தால் மற்றவர்களுக்குச் சுலபம். அதிகாரி நாற்காலியில் இருக்கும் யாராவது இங்கே இருந்தால், அடுத்த வருஷ ஆரம்பத்தில் உங்கள் பெயரை எழுதி, பக்கத்தில் தேதியும் பொறுப்பை வாங்கிக்கொள்கிறவர் பெயரும் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். சரண்டர் கணக்கு யாருக்கும் போட்டுத் தரமாட்டேன், அதைத் தவிர எதுவும் கேட்கலாம்.